கன்னி மூலை ஜன்னல்

ஒன்பது வயதில் எனக்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாடு தெரியாது. ஆனால் எங்கள் வீட்டின் அளவுகள் அத்தனையும் தெரியும். தலைவாசல் கிழக்கே பார்த்தது. முற்றம் பதினாறுக்குப் பதினாறு அடி. வடகிழக்கில் ஈசானிய மூலை, அங்கே கிணறு. தென்கிழக்கில் அக்னி மூலை, அங்கே அடுப்படி. தென்மேற்கு மூலைக்குக் கன்னி மூலை என்று பெயர். அது கனமாகவும் உயரமாகவும் அடைத்தும் இருக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் என்னை உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் பெரியப்பா அவர்களை முற்றத்தில் நிறுத்தி, நாலு மூலையையும் கை நீட்டிக் காட்டி, ஒன்று விடாமல் சொல்லி முடித்த பிறகுதான் வந்த காரியத்தையே கேட்பார். கரண்டு கணக்கு எடுக்க வந்தவர்கூட ஒருமுறை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கன்னி மூலை வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் போனார். நான் தூணைக் கட்டிக்கொண்டு நின்று, பெரியப்பா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அடுத்த வரியை முணுமுணுப்பேன்.

கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவில், முல்லையாற்றுத் தண்ணீர் பாய்கிற ஊர் எங்களுடையது. எங்கள் வீட்டைப் பெரிய வீடு என்பார்கள். பூட்டன் கட்டியது. எங்கள் வகையறாவில் யாருக்குக் கல்யாணம் என்றாலும் முதல் பத்திரிகை அந்த வீட்டுச் சாமிப் பெட்டிக்கு முன்னால்தான் வைக்கப்படும். அப்பா உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். பெரியப்பா மூத்தவர், அடுத்தது அப்பா, கடைசி சித்தப்பா. சித்தப்பா தேனியில் மோட்டார் பம்பு விற்கிற கடை வைத்துக்கொண்டு அங்கேயே குடியிருந்தார். வீட்டில் மிச்சமிருந்தது பெரியப்பா, பெரியம்மா, அப்பா, அம்மா, நான். ஆனாலும் வீடு மூன்று பங்குக்கும் பொது. மூன்று பேரும் கூடிச் சம்மதிக்காமல் சுவரில் ஓர் ஆணி அடிக்க முடியாது. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. அம்மா சீதனமாகக் கொண்டு வந்த நிலைக்கண்ணாடி பத்து வருடம் தரையில்தான் சாய்ந்து நின்றது. அவள் குனிந்துதான் பொட்டு வைத்துக்கொள்வாள்.

பெரியப்பாவுக்குக் குழந்தை இல்லை. சாஸ்திரப்படி மூத்தவர் இருக்க வேண்டியது கன்னி மூலை அறையில். வம்சம் தழைக்கிற அறை அது. கல்யாணமாகி எட்டு வருடம் அந்த அறையில் இருந்தும் தழைக்காததால், அப்பாவுக்குக் கல்யாணம் ஆனதும் பெரியப்பா தானாகவே அந்த அறையைக் காலி செய்து தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வடக்குப் பக்கத்துத் தாழ்வாரப் பத்தியில் கட்டில் போட்டுக்கொண்டார். அடுத்த வருடம் நான் பிறந்தேன். அறையின் பெருமை அதோடு ஒரு படி கூடிவிட்டது.

பெருமையான அந்த அறையில் ஜன்னல் கிடையாது. ஒன்றரை முழக் கனத்துக்குச் சுண்ணாம்புச் சுவர். கதவைச் சாத்தினால் பகலிலும் விளக்குப் போட வேண்டும். அம்மா பிறந்தது மேற்கு மலையடிவாரத்தில், திராட்சைத் தோட்டத்துக்குள் இருந்த இரண்டு அறை ஓட்டு வீட்டில். அங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை தெரியும். கல்யாணமான புதிதில் அவள் அப்பாவிடம் ஒரு ஜன்னல் கேட்டாளாம். அப்பா பெரியப்பாவிடம் கேட்டார். "கன்னி மூலையைத் திறந்தா வீட்டுல ஒரு தலை போயிரும்டா" என்று பெரியப்பா சொன்னார். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.

எனக்கு ஒன்பது நடக்கும்போது அம்மாவுக்கு வயிற்றில் கட்டி வந்தது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று தடவை போய் வந்தார்கள். முதல் தடவை போகும்போது அம்மா எனக்கு ரிப்பன் வாங்கி வருவதாகச் சொல்லிப் போனாள், வாங்கியும் வந்தாள். மூன்றாம் தடவை கார் பிடித்துப் படுக்க வைத்துக் கொண்டு வந்தார்கள். அப்பா ஒரு கையில் எக்ஸ்ரே உறைகளோடு இறங்கி, நேரே கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். வெகுநேரம் கழுவினார். கார் தூசி அவ்வளவு போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அம்மாவைக் கன்னி மூலை அறையில் கிடத்தினார்கள். பெரியப்பா வடக்குப் பத்தியைத் தருகிறேன் என்றார். அது தலைவாசலில் இருந்து நேரே தெரிகிற இடம்; வருகிறவர் போகிறவரெல்லாம் பார்ப்பார்கள். மெலிந்து போய் முடியும் கொட்டியிருந்த தன்னை யாரும் பார்ப்பதில் அம்மாவுக்கு விருப்பமில்லை. தூக்கினால் வலியும் தாங்கவில்லை. இருட்டுக்குள்ளேயே கிடந்தாள். ஒருநாள் நான் கஞ்சி கொண்டு போனபோது அப்பாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அங்கிட்டு இந்நேரம் சாரல் விழுகும்ல. பாத்து எத்தனை நாளாச்சு."

அப்பா அவள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரமே, வீட்டில் ஏதோ குறை இருக்கிறது, மனை பார்க்கிறவர் ஒருவரைக் கூட்டி வரப்போகிறேன் என்று அப்பா சொன்னார். எனக்கு அன்றைக்கு வந்த சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. டாக்டர்களால் கண்டுபிடிக்க முடியாதது கடைசியில் அகப்பட்டுவிட்டது. நோய் அம்மாவுக்கு இல்லை, வீட்டுக்குத்தான். வீட்டைச் சரிசெய்துவிட்டால் அம்மா எழுந்துவிடுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்திலிருந்து மனை பார்க்கிறவர் டிவிஎஸ் வண்டியில் வந்து இறங்கினார். சட்டைப் பையில் திசைகாட்டியும் கையில் அளவு நாடாவும் வைத்திருந்தார். பங்காளி என்பதால் சித்தப்பாவும் தேனியிலிருந்து வந்திருந்தார். வந்தவரைப் பெரியப்பா முற்றத்தில் நிறுத்தி, நாலு மூலையையும் வழக்கம்போல ஒப்பித்தார். அந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது. எதிரில் இருப்பவருக்குத் தன்னைவிட அதிகம் தெரியும் என்று அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். நாடாவை விரித்து இரண்டு இடத்தில் அளந்தார். அம்மா படுத்திருந்த அறைக்கு வெளியே நின்று திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்.

"காத்து கட்டுப்பட்டுக் கெடக்கு. இந்த அறைக்கு மேற்குச் சுவத்தைத் தொறக்கணும். மூணடிக்கு நாலடி ஒரு ஜன்னல் வச்சா எல்லாம் சரியாகும்."

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியப்பா தாடையைத் தடவினார். அந்த அமைதியில், பள்ளிக்கூடத்தில் யாருக்கும் தெரியாத கேள்விக்கு விடை தெரிந்த பிள்ளை கையைத் தூக்குவதுபோல, நான் முந்திக்கொண்டேன்.

"அது கன்னி மூலைல! கன்னி மூலையைத் தொறந்தா வீட்டுல ஒரு தலை போயிரும்னு பெரியப்பா சொல்லிருக்காகளே!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் அப்படி இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது. என்னிடம் அப்பா எதற்குக் கெஞ்ச வேண்டும்?

சித்தப்பா பிடித்துக்கொண்டார். "புள்ள சொல்றது சரிதானேண்ணே? நீங்கதானே நூறு தடவை சொல்லிருக்கீக. நாளைக்கு எதுவும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? எனக்கும் புள்ளை குட்டி இருக்கு."

மனை பார்க்கிறவர் நாடாவைச் சுருட்ட ஆரம்பித்தார். அறைக்குள்ளிருந்து அம்மா இருமுகிற சத்தம் வந்தது. பெரியப்பா அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நான் தப்பாச் சொல்லிருக்கேன் ஆத்தா" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று இருந்தது. பெரியப்பா தப்பு என்று ஒன்றை ஒத்துக்கொண்டு அதுவரை நான் கேட்டதில்லை. மழை பெய்யும் என்று அவர் சொல்லிப் பெய்யாவிட்டால், பெய்யாதது மழையின் தப்பு.

"அண்ணே, நீங்களா சொல்றீக?" என்றார் சித்தப்பா.

"நாந்தான்டா சொல்றேன். நம்ம பழைய மனையடி சாஸ்திரப் புத்தகத்துல எழுத்து அழிஞ்சு கெடந்துச்சு. நான் மாத்திப் படிச்சுட்டேன். இவரு சொல்றதுதான் சரி. நாளைக்கே கொத்தனாரை வரச் சொல்லு."

சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப் பக்கம் போய்விட்டார். வந்தவர் காபிகூடக் குடிக்காமல் வண்டியைக் கிளப்பினார். எனக்குப் பெரியப்பா மேலிருந்த மதிப்பு அன்று பாதியாகக் குறைந்தது. தப்புத் தப்பாகப் படித்துவிட்டு இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் ஒப்பித்திருக்கிறார். அம்மா இத்தனை நாள் இருட்டில் கிடந்தது அவரால்தானே?

மறுநாள் அம்மாவைக் கட்டிலோடு தூக்கி அடுப்படிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரை இடித்தார்கள். ஒன்றரை முழச் சுவர் லேசில் விடவில்லை. கடப்பாரை விழும்போதெல்லாம் சாமிப் பெட்டி அதிர்ந்தது. பெரியப்பா அன்றைக்குச் சாப்பிட வரவில்லை. வயலுக்குப் போயிருக்கிறார் என்று பெரியம்மா சொன்னாள். சாயங்காலம் ஒரு கல் பெயர்ந்து வெளிப்பக்கம் விழுந்ததும் அதன் வழியாக ஒரு பிடி வெயில் உள்ளே வந்து எதிர்ச்சுவரில் நின்றது. அந்தச் சுவர் வெயிலைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சுண்ணாம்பு அங்கங்கே உப்பியிருந்ததையும் பல்லி முட்டைகளையும் நான் அப்போதுதான் பார்த்தேன்.

கம்பத்தில் இடித்த ஒரு வீட்டிலிருந்து தேக்கு ஜன்னல் ஒன்றை அப்பா வாங்கி வந்து வைத்தார். அம்மாவை மறுபடி உள்ளே கொண்டு போய்க் கிடத்தி, ஜன்னல் கதவைத் திறந்தார்கள். பின்னால் எங்கள் கொல்லை, அதற்கப்பால் தென்னந்தோப்பு, அதற்கப்பால் மலை. ஆனால் கொல்லையில் பெரியப்பா வைத்த முருங்கை மரம் ஒன்று தழைத்து நின்று மலையின் பாதியை மறைத்தது. அம்மா தலையணையில் தலையை நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள். அடுத்த நாள் காலையில் முருங்கை இல்லை. வெட்டிய கிளைகளைப் பெரியப்பா தனியாக இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தார். இதுவும் சாஸ்திரத்தில் இருக்கும் என்று நான் நினைத்தேன்.

அம்மா மலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். காலையில் மலை நீலமாக இருக்கும். மத்தியானம் மேகம் இறங்கிப் பாதி மலையை எடுத்துக்கொண்டு போய்விடும். கேரளத்துப் பக்கமிருந்து காற்று வந்தால் சாரல் ஜன்னல் கம்பியில் மணி மணியாகக் கோத்து நிற்கும். ஈரம் ஆகாது என்று பெரியம்மா கதவைச் சாத்தப் போவாள். "இருக்கட்டும்க்கா" என்பாள் அம்மா. தோப்புக்கு மேலே கொக்குகள் திரும்புகிற நேரத்தை அவள் சரியாகச் சொல்வாள். ஒருநாள் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, மலையில் ஓர் இடத்தைக் காட்டி, "அந்தா அந்த வெள்ளைப் பாறைக்குக் கீழதான் எங்க வீடு" என்றாள். எனக்குப் பாறையே தெரியவில்லை. தெரிகிறது என்று சொன்னேன்.

"இப்ப வலி தேவலையாம்மா?"

"ரொம்பத் தேவலை."

நான் உடனே போய் அதை அப்பாவிடம் சொன்னேன். வாரக் கடைசியில் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்று பள்ளிக்கூடத்திலும் சொல்லி வைத்தேன். பெரியம்மா போடுகிற காபியை அம்மா தினமும் என்னிடம் கொடுத்துப் பெரியப்பாவுக்கு அனுப்பினாள். "நான் கொடுக்கச் சொன்னேன்னு சொல்லிக் குடு" என்பாள். பெரியப்பா தம்ளரை வாங்கிக்கொண்டு, "சாப்பிட்டாளா?" என்று மட்டும் கேட்பார். அந்த அறை வாசலைத் தாண்டி அவர் உள்ளே வரவே இல்லை.

ஜன்னல் வைத்த இருபத்து மூன்றாம் நாள் காலையில் அம்மா இறந்துபோனாள். நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி, சீருடையில் இருந்தேன்.

அழுது முடித்த பிறகு எனக்குள் ஒரு கணக்கு ஓட ஆரம்பித்தது. கன்னி மூலையைத் திறந்தால் ஒரு தலை போகும். திறந்தார்கள். போய்விட்டது. அப்படியானால் பெரியப்பா முதலில் சொன்னதுதான் சரி. புத்தகத்தில் எழுத்து அழியவில்லை. அவருக்குச் சரியாகவே தெரிந்திருந்தது. தெரிந்தும் எல்லார் முன்னாலும் மாற்றிச் சொன்னார். நான்தான் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைப் பொய்யாக்கிவிட்டுச் சுவரை இடிக்கச் சொன்னார். ஒன்பது வயதுக்கு இதில் எங்கேயும் ஓட்டை தெரியவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குச் சொந்தக்காரர்கள் முற்றம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலை அடைத்துவிடலாம் என்று சித்தப்பா பேச்செடுத்தார். பெரியப்பா வேண்டாம் என்றார். "அது தொறந்தே கெடக்கட்டும்."

அந்தச் சொல் எனக்குப் பொறுக்கவில்லை. பந்தியில் இருந்து எழுந்து வந்து அவர் முன்னால் நின்றேன்.

"அதை அடைங்க! அந்த ஜன்னல்தான் எங்கம்மாவைக் கொன்னுச்சு. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சே பொய் சொன்னீக. நீங்கதான் எங்கம்மாவைக் கொன்னீக!"

யாரோ என் வாயைப் பொத்தினார்கள். அப்பா ஓடி வந்து, "அப்படிச் சொல்லாதத்தா" என்று என்னை இழுத்தார். பெரியப்பா கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

"ஆமாத்தா" என்றார் என்னிடம். "நாந்தான்."

ஒத்துக்கொண்டுவிட்டார். எனக்கு அதற்கு மேல் எந்தச் சாட்சியும் தேவைப்படவில்லை.

அன்றைக்கே அவர் தன் கட்டிலை வடக்குப் பத்தியில் இருந்து எடுத்துக்கொண்டு போய்க் கன்னி மூலை அறையில், அம்மா கிடந்த இடத்தில், ஜன்னலுக்கு நேர் கீழே போட்டுக்கொண்டார். அம்மா போன பிறகு அப்பா முற்றத்தில்தான் படுத்தார், அறை சும்மாதான் இருந்தது. ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பிக்குக் கொடுத்த அதிர்ஷ்ட அறையைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளத்தான் இத்தனையும் செய்திருக்கிறார் என்று முடிவு கட்டினேன். இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று அடம்பிடித்தேன். அடுத்த ஜூனில் என்னை உத்தமபாளையத்தில் விடுதியில் சேர்த்தார்கள்.

பிறகு பதினாறு வருடம் நான் பெரியப்பாவோடு பேசவில்லை. விடுமுறைக்கு வருவேன், அவர் இருக்கிற பக்கம் போக மாட்டேன். அவரும் என் கண்ணில் படாமல் விலகிப் போவார். நேருக்கு நேர் வர நேர்ந்தால் தலையைக் குனிந்துகொள்வார். வீட்டுக்கு வருகிறவர்களை நிறுத்தி மூலைகளைக் காட்டுவதையும் விட்டுவிட்டார். கோயம்புத்தூரில் வேலை கிடைத்து நான் கிளம்பிய அன்று, கம்பம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பை திராட்சையோடு தூரத்தில் நின்றுகொண்டிருந்தார். நான் கைபேசியைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். பஸ் நகரும்போது கண்டக்டர் அந்தப் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். பக்கத்து இருக்கையில் இருந்த பெண்ணிடம், எனக்குத் திராட்சை பிடிக்காது, நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிக் கொடுத்துவிட்டேன். எனக்குத் திராட்சை பிடிக்கும்.

போன ஐப்பசியில் பெரியப்பா இறந்தார். ஊருக்காகத்தான் போனேன். காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் கிளம்பிய பிறகு அப்பா என்னைக் கொல்லைக்குக் கூட்டிக்கொண்டு போனார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒண்ணு சொல்லணும்த்தா. முன்னாடியே சொல்லிருக்கணும். அந்த மனை பாக்க வந்த ஆளு இருக்காருல்ல, அவரை அப்படிச் சொல்லச் சொன்னது நாந்தான்."

எனக்குப் புரியவில்லை.

"மருதைல டாக்டர் ஒரு மாசம்னு சொல்லிட்டாரு. உங்கம்மா கேட்டது ஒரே ஒரு ஜன்னல். அந்த நெலமைல நேராக் கேட்டிருந்தா அண்ணன் சரின்னுதான் சொல்லிருப்பாரு. ஆனா அவரு சொன்ன வார்த்தையை எல்லாரு முன்னாடியும் அவரே மாத்துற மாதிரி ஆகிரும்ல. அந்த மனுசனுக்கு இருந்தது அந்த ஒரு பெருமைதான். அதான் வெளியாளை வச்சுச் சொல்ல வச்சேன். அண்ணன் பேசாம இருந்தாப் போதும்னு நெனச்சேன்."

அவர் அதற்கு மேல் சொல்ல வேண்டியதும் இல்லை. பேசாமல் இருந்திருந்தால் போதும் என்ற இடத்தில்தான் நான் முந்திக்கொண்டு பேசினேன். பெரியப்பாவைத் தப்பு என்று சொல்ல வைத்தது நான்.

"ஏன்ப்பா எங்கிட்டச் சொல்லல?"

"சொல்ல வந்தேன். அண்ணன்தான் விடல. 'அது சின்னப்புள்ள, ஆத்தா போன துக்கத்துக்கு யாரையாச்சும் ஏசணும்ல, என்னை ஏசிட்டுப் போகட்டும் விடு'ன்னாரு. அப்பறம் வருசம் ஓடிப்போச்சு. சொல்றதுக்கு எனக்கு வாயும் வரல."

பெரியம்மா கன்னி மூலை அறையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கட்டில் அங்கேயே இருந்தது. பெரியப்பாவுக்கு அந்த ஆள் சொன்னது பொய் என்று தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாமலா? வந்த ஆளு வாயைத் தொறந்ததுமே தெரிஞ்சிருச்சு. உங்கப்பன் ஏற்பாடுன்னும் தெரிஞ்சிருச்சு." பெரியம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "ஆனா உங்கப்பன் மாதிரி இல்லத்தா அவுக. அவுக அந்தப் புத்தகத்தை நெசமாவே நம்புனாக. கன்னி மூலையைத் தொறந்தா மூத்தவன் தலைதான் போகும்னு அதுல இருக்காம். அன்னைக்கே எங்கிட்டச் சொல்லிட்டாக. 'போகட்டும்டி, எனக்கென்ன புள்ளையா குட்டியா. ஒரு உசுரு வேணும்னா என்னுதை எடுத்துக்கிட்டு அந்தப் புள்ளைக்கு ஆத்தாவை விட்டுறட்டும்'னாக. சட்டையெல்லாம் மடிச்சு வச்சாக. நெலத்துப் பத்திரம் எங்க இருக்குன்னு எனக்குக் காட்டுனாக."

நான் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தேன்.

"உங்கம்மா போயிட்டா. இவுக இருந்துட்டாக. அதுக்கப்பறம் இங்கன வந்து படுத்துக்கிட்டாக. ஜன்னலை அடைக்க விடல. தெனமும் விடிஞ்சு கண்ணு முழிச்சதும் 'இன்னும் இருக்கேனே'ம்பாக. உன்னைப் பாக்குறப்பல்லாம் கூனிக் குறுகிப் போவாக. நீ ஏசுனதைப் பத்தி ஒரு நாளும் குறையாச் சொன்னதில்ல. வேற யாரும் அவுகளை ஒரு வார்த்தை கேக்கல பாரு. நீ ஒருத்திதான் கேட்ட."

வெளியே அப்பா யாருக்கோ பந்தல் கம்புகளை எண்ணி ஒப்படைத்துக்கொண்டிருந்தார். பெரியம்மா என்னைச் சாப்பிட வரச் சொல்லிவிட்டு எழுந்து போனாள். நான் எழுந்திருக்கவில்லை.

பதினாறு வருடம் என் முன்னால் அவர் தலையைக் குனிந்துகொண்டு போனபோதெல்லாம், அதைக் கொன்றவனின் முகம் என்று நான் நினைத்திருந்தேன். என் அம்மாவுக்குப் பதிலாகத் தான் உயிரோடு இருப்பதற்கு அவர் என்னிடம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியாது.